நஷ்டக் கணக்கு – 9: ஈரம் காய்வதற்குள்

2022 டிசம்பர் 9ஆம் தேதி நள்ளிரவை ஒட்டி மாண்டஸ் புயல் மாமல்லபுரத்துக்கு அருகே கரையைக் கடந்தது. அப்படி ஒரு ராத்திரி விடிந்தால் என்னைப் போன்றவர்களின் போன் ஓயாது. கோவளத்தில் ஒரு விடுதியின் கூரை, கேளம்பாக்கத்தில் ஒரு கிடங்கு, ஆலத்தூர் மருந்துத் தொழிற்பேட்டையில் ஒரு ஸ்டோர் ரூம், திருப்போரூரில் ஒரு மளிகைக் கடை, மாமல்லபுரத்தில் ஒரு சிற்பக் கூடத்தின் ஷெட். எல்லாருக்கும் சர்வேயர் முதலில் தன் இடத்துக்கு வர வேண்டும். அவரவர் நிலையிலிருந்து பார்த்தால் அது நியாயம்தான்.

காப்பீட்டுத் தொகையை எப்படிக் கணக்கிடுவது என்று சென்ற வாரம் பார்த்தோம். இந்த வாரம், சேதம் நடந்த பிறகு டேப்பும் கேமராவுமாக வாசலில் வந்து நிற்பவரின் வேலையைப் பார்ப்போம். அவர் எதைத் தேடுகிறார் என்று தெரிந்துவிட்டால் உங்கள் பணம் சீக்கிரம் வரும்.

எங்களை இன்சூரன்ஸ் கம்பெனி ஆள் என்றே பலரும் நினைக்கிறார்கள். நாங்கள் கம்பெனியில் சம்பளம் வாங்குபவர்கள் அல்ல. 1938ஆம் ஆண்டின் காப்பீட்டுச் சட்டத்தில் 64யூஎம் என்று ஒரு பிரிவு உண்டு. குறிப்பிட்ட வரம்பைத் தொடும் இழப்பை உரிமம் பெற்ற சர்வேயர் பார்த்து அறிக்கை கொடுக்க வேண்டும் என்கிறது அது. வாகனங்களுக்கு 50,000 ரூபாய், மற்றவற்றுக்கு 1 லட்சம் ரூபாய் என்று 2015ஆம் ஆண்டு விதிமுறைகள் அந்த வரம்பை வைத்தன. உரிமம் கொடுப்பது காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. ஃபயர், இன்ஜினீயரிங், மரைன், மோட்டார் என்று துறைவாரியாகக் கொடுக்கிறது. எங்கள் ஃபீஸைக் கம்பெனி கொடுத்துவிடும். பாலிசிதாரர் ஒரு ரூபாய்கூடத் தர வேண்டியதில்லை. யாராவது கேட்டால் கொடுக்காதீர்கள், கம்பெனிக்கு எழுதுங்கள்.

முன்பு அறிக்கை கொடுக்க 30 நாள் வரை இருந்தது. 2024இல் ஆணையம் வெளியிட்ட சுற்றறிக்கைகள் அதை 15 நாளாகச் சுருக்கிவிட்டன. அறிக்கை கைக்கு வந்த 7 நாளுக்குள் கம்பெனி முடிவைச் சொல்லியாக வேண்டும். பாலிசிதாரருக்கு இது பெரிய நன்மை. ஆனால் ஒரு புயல் முடிந்த வாரத்தில் கட்டுக்கட்டாகக் கோப்புகள் சேரும்போது ஒவ்வொன்றுக்கும் 15 நாள் என்பது மிகக் குறைவு. அந்தக் கெடுவுக்குள் வேலை முடியுமா, ஆறு மாதம் இழுக்குமா என்பது முதல் தடவை இடத்தைப் பார்க்கப் போகும்போதே ஏறக்குறையத் தீர்மானமாகிவிடுகிறது. அன்று பார்க்காமல் விட்டதை அலுவலகத்தில் உட்கார்ந்து எத்தனை கடிதம் எழுதினாலும் பிடிக்க முடியாது.

அதனால் எங்கே முதலில் போவது என்பதே பெரிய முடிவு. ஓ.எம்.ஆர். வழியாக இறங்கி ஈ.சி.ஆர். வழியாகத் திரும்பினால் பெட்ரோல் மிச்சமாகும். அந்த வரிசையில் போனால் பொருள் வீணாகும். கெட்டுப்போகிற சரக்கை முதலில் பார்க்க வேண்டும், அடுத்தது துருப்பிடிக்கிற இயந்திரம், கட்டடம் கடைசியில். விரிசல் விட்ட சுவரும் பறந்துபோன கூரையும் ஒரு வாரம் கழித்துப் போனாலும் அப்படியேதான் இருக்கும். நனைந்த துவரம் பருப்பு மூன்றாம் நாள் புழுத்துவிடும்.

ஆலத்தூரில் அவசரம் வேறு மாதிரி. மாத்திரைக்கான மூலப்பொருள் டிரம்முக்குள் உலர்ந்தே இருக்கும். ஆனால் மின்சாரம் போய், ஏ.சி. நின்று, அறையில் வெப்பமும் ஈரப்பதமும் ஏறியிருந்தால் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவு அதை ஒதுக்கி வைத்துவிடும். இங்கேதான் பாலிசியைக் கூர்ந்து படிக்க வேண்டும். வெள்ள நீர் புகுந்து சரக்கு கெட்டால் சாதாரண ஃபயர் பாலிசியில் வரும். மின்சாரம் நின்றதால் கெட்டது என்றால், அதற்கென்று கூடுதல் காப்பு வாங்கியிருந்தால்தான் வரும். எது காரணம் என்று சொல்ல, அறையின் வெப்பநிலைப் பதிவுக் கருவியிலிருந்து அந்த இரவின் பதிவை உடனே எடுத்துவிட வேண்டும். சில கருவிகளில் பழைய பதிவின் மேல் புதியது ஏறிவிடும். இன்னொரு சிக்கலும் உண்டு. நனைந்த இரும்பையும் அட்டைப் பெட்டியையும் காயலான் கடைக்குப் போடலாம். கெட்ட மருந்தைப் போட முடியாது. முறைப்படி அழித்து, அழித்ததற்குச் சான்று வைக்க வேண்டும். அதற்கான ஏற்பாட்டை முதல் நாளே பேசிவிட்டால் பின்னால் நாட்கள் மிச்சம்.

திருப்போரூர் மளிகைக் கடைக்கு வருவோம். ஊருக்குக் கிழக்கே நெம்மேலி போகும் சாலையை ஒட்டி உப்பங்கழியும், அதைத் தாண்டினால் கடலும். மேற்கே ஏரிகள். ஏரி நிரம்பி வருகிற தண்ணீருக்கு வடிய வழி குறைந்தால் தாழ்வான கடைக்குள் புகுந்துவிடும். உள்ளே நுழைந்ததும் புளித்த மாவு வாடை. கடைக்காரர் கேட்கிற முதல் கேள்வி எப்போதும் இதுதான்.

“சார், நாத்தம் தாங்கல. எல்லாத்தையும் அள்ளிக் கொட்டிடட்டுமா?”

“கொஞ்சம் பொறுங்க அண்ணாச்சி. எண்ணி, போட்டோ எடுத்து, ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டுடுவோம். அப்புறம் தாராளமா கொட்டிடலாம்.”

முதலில் சுவரில் சேறு விட்டுப்போன கோடு. தரையிலிருந்து அது எத்தனை அங்குலம் என்று மூன்று நான்கு இடங்களில் டேப் வைத்துப் பார்த்து, டேப்போடு சேர்த்தே படம் எடுப்பேன். பிறகு மூட்டைகள். சணல் சாக்கு தண்ணீரை மேல்நோக்கி உறிஞ்சும். அதனால் சுவரில் கோடு ஓரடியில் நின்றாலும் அடுக்கில் அதற்கு மேலே ஒரு சாண் வரை அரிசி நனைந்திருக்கும். கோட்டை மட்டும் பார்த்துக் கணக்கிடுகிற சர்வேயர் வியாபாரிக்கு அநியாயம் செய்கிறார். மேல் வரிசை மூட்டையையும் சேர்த்து எழுதுகிறவர் கம்பெனிக்கு அநியாயம் செய்கிறார். ஒவ்வொரு வரிசையிலும் ஒரு மூட்டையைப் பிரித்துக் கையை உள்ளே விட்டுப் பார்ப்பதற்கு மாற்று இல்லை. சர்க்கரை கரைந்து ஓடியிருக்கும். வெறும் சாக்குதான் மிஞ்சும். அந்தச் சாக்குகளைத் தூக்கிப் போட்டுவிட்டால் எத்தனை மூட்டை இருந்தது என்பதற்குச் சாட்சியே இல்லை. எண்ணெய் டின்னுக்குள் தண்ணீர் போயிருக்காது, ஆனால் லேபிள் உரிந்திருக்கும். அதைக் கழுவிக் குறைந்த விலைக்கு விற்கலாம். அந்தத் தொகைதான் சால்வேஜ். அது நஷ்டத்தில் கழியும்.

அடுத்தது கணக்கு. கடைக்குள் கண்ணால் எண்ணியது ஒரு பக்கம். புத்தகம் சொல்லும் இருப்பு இன்னொரு பக்கம். மார்ச் 31 அன்று இருந்த சரக்கோடு அதன் பிறகு வாங்கியதைக் கூட்டி, விற்றதன் அடக்க விலையைக் கழித்தால் சேத நாளின் இருப்பு வரும். விற்பனை விலையில் சரக்கைக் கணக்கிடக் கூடாது. லாபம் இந்தப் பாலிசியில் சேராது.

அண்ணாச்சியின் கணக்கை ஓர் உதாரணமாக வைத்துக்கொள்வோம். இருப்பு 20 லட்சம் ரூபாய். பாலிசி எடுத்தது 12 லட்சத்துக்கு. நனைந்த சரக்கு ஆறரை லட்சம், சால்வேஜ் 50,000 போக நஷ்டம் 6 லட்சம். பாலிசி 12 லட்சத்துக்கு இருக்கிறதே, 6 லட்சமும் வந்துவிடும் என்று அவர் நம்பியிருப்பார். வராது. 20 லட்சம் சரக்கில் 12 லட்சத்துக்குத்தான் பிரீமியம் கட்டியிருக்கிறார். அதனால் 6 லட்சத்தில் இருபதில் பன்னிரண்டு பங்கு, அதாவது 3 லட்சத்து 60 ஆயிரம். அதிலும் பாலிசிதாரரே ஏற்க வேண்டிய ‘எக்ஸஸ்’ தொகை கழியும். 2021 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கும் பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா பாலிசி 5 கோடி ரூபாய் வரையுள்ள சிறு தொழில்களுக்கானது. இப்படிக் குறைவாக எடுத்ததில் 15 சதவீதம் வரை அது மன்னித்துவிடுகிறது. அண்ணாச்சிக்குக் குறைவது 40 சதவீதம். இந்தக் கணக்கைச் சொல்லும்போது எதிரே இருப்பவரின் முகத்தைப் பார்ப்பது இந்தத் தொழிலிலேயே எனக்குக் கடினமான நேரம். அதைத் தள்ளிப்போட்டு, அறிக்கை போன பிறகு கம்பெனியின் கடிதத்தில் அவர் படித்துத் தெரிந்துகொள்ளும்படி விடுவது தவறு. முதல் நாளே காகிதத்தில் போட்டுக் காட்டிவிட வேண்டும்.

நாட்களைத் தின்பது பெரும்பாலும் மூன்று கணக்குகள் ஒத்துப்போகாததுதான். வங்கிக் கடன் கூடுதலாகக் கிடைக்கும் என்று ஸ்டாக் ஸ்டேட்மென்டில் சரக்கைக் கூட்டிக் காட்டியிருப்பார்கள். ஜி.எஸ்.டி. ரிட்டர்னில் விற்பனை குறைந்திருக்கும். கடையின் நோட்டில் மூன்றாவதாக ஓர் எண். சர்வேயர் இந்த மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பார். எதை நம்புவது என்று அவர் தடுமாறுகிற ஒவ்வொரு நாளும் உங்கள் நாள்தான். வங்கிக்குக் கொடுக்கும் ஸ்டேட்மென்டை உள்ளபடி கொடுங்கள்.

எங்கள் பக்கத்துத் தவறு, காகிதங்களைத் தவணை முறையில் கேட்பது. இன்று பில், அடுத்த வாரம் ஆடிட்டர் அறிக்கை, அதற்கடுத்த வாரம் வாடகை ஒப்பந்தம் என்று கேட்டுக்கொண்டே போனால் வியாபாரி கடையைத் திறப்பாரா, ஜெராக்ஸ் கடைக்கு ஓடுவாரா? தேவையான எல்லாவற்றையும் ஒரே கடிதத்தில், முதல் நாளிலேயே, தமிழில் எழுதிக் கொடுத்துவிடலாம். ஆவணம் இல்லை என்ற காரணத்துக்காக மட்டும் கிளெய்மை நிராகரிக்கக் கூடாது என்று 2024 ஜூனில் ஆணையம் சொல்லியிருக்கிறது. இடத்தை நேரில் பார்த்து அறிய முடிகிற ஒன்றுக்காகச் சான்றிதழ் கேட்டு அலைக்கழிப்பதை சர்வேயர்கள் விட்டுவிட வேண்டும்.

கடலோரத்தில் இன்னொன்றும் உண்டு. உள்ளே வந்தது மழைத் தண்ணீரா, கடல் தண்ணீரா? ஈரத்தைக் கொஞ்சம் எடுத்து சில்வர் நைட்ரேட் கரைசலில் சில சொட்டு விட்டால், உப்பு இருந்தால் வெள்ளையாகத் திரியும். சரக்குக் கப்பல் சர்வேயர்கள் வெகுகாலமாகச் செய்துவரும் சோதனை இது. புயல், வெள்ளம் இரண்டுமே பாலிசியில் இருப்பதால் எந்தத் தண்ணீர் என்பதற்காகப் பணம் மறுக்கப்படாது. ஆனால் இயந்திரத்தின் கதி அதில்தான் இருக்கிறது. மழையில் நனைந்த மோட்டாரைக் கழற்றி உலர்த்தினால் பெரும்பாலும் பிழைக்கும். உப்புத் தண்ணீர் புகுந்ததை அன்றே நல்ல தண்ணீரில் அலசாவிட்டால் சில நாளில் துருவேறிவிடும். சர்வேயர் வரும்வரை எதையும் தொடக் கூடாது என்று சிற்பக் கூடத்தில் கம்ப்ரஸரையும் அறுவை மெஷினையும் அப்படியே போட்டு வைக்கிறார்கள். படம் எடுத்துவிட்டு உடனே அலசுங்கள். நஷ்டம் பெருகாமல் பார்த்துக்கொள்வது பாலிசிதாரரின் கடமை. பாலிசியே அப்படித்தான் சொல்கிறது.

வீடியோ காலிலேயே சர்வே முடிப்பதும் இப்போது நடக்கிறது. பறந்துபோன தகரக் கூரைக்கு அது போதும். கிடங்குக்குப் போதாது என்பது என் உறுதியான கருத்து. பின்வரிசை மூட்டையின் ஈரமும் வாடையும் கேமராவில் வராது.

வீடுகளைப் பற்றிச் சுருக்கமாக. பாரத் கிருஹ ரக்ஷா பாலிசியில் புயல், வெள்ளம், சுனாமி எல்லாம் உண்டு. வீட்டின் மேல் மரம் விழுந்தாலும் உண்டு. காம்பவுண்டு சுவரும் கட்டடத்தில் சேர்த்திதான். கடைக்குச் சொன்ன விகிதக் கழிவு இதில் கிடையாது. ஈ.சி.ஆர். ஓரத்தில் லட்சக்கணக்கில் செலவழித்து வீடு கட்டியவர்கள்கூட இதை எடுக்காமல் இருப்பது எனக்கு வருத்தம் தருகிறது. 2015 டிசம்பரில் ஒரே நாளில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை கொட்டியது. தாம்பரம் இங்கிருந்து தூரமில்லை.

சர்வேயரின் அறிக்கை பிடிக்கவில்லையென்றால்? அதுவே கடைசி வார்த்தை அல்ல என்று உச்ச நீதிமன்றம் 2009இல் பிரதீப் குமார் வழக்கில் சொல்லிவிட்டது. அதே ஆண்டு ஸ்ரீ வெங்கடேஸ்வரா சிண்டிகேட் வழக்கில், தனக்கு வேண்டிய அறிக்கை கிடைக்கும்வரை சர்வேயர்களை ஒருவர்பின் ஒருவராக நியமித்துக்கொண்டே போகக் கம்பெனிக்கு உரிமையில்லை என்றும் சொன்னது. அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்குங்கள். எந்த வரி தவறு என்று குறித்து முதலில் கம்பெனிக்கு எழுதுங்கள். அதற்கும் வழி பிறக்கவில்லையென்றால் சென்னையில் இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மன் அலுவலகம் இருக்கிறது. அங்கே மனுக் கொடுக்கக் கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம்.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கிவிடும். அதற்குள் ஒருநாள் கடையையோ வீட்டையோ மூலைமுடுக்கு விடாமல் போனில் வீடியோ எடுத்து, பாலிசியின் நகலோடும் முக்கியமான பில்களோடும் சேர்த்து வெளியூரில் இருக்கும் பிள்ளைக்கோ தம்பிக்கோ வாட்ஸ்அப்பில் அனுப்பி வையுங்கள். கடையும் போனும் சேர்ந்து நனைந்தாலும் அது அங்கே இருக்கும்.