மங்காத்தா: உள்ளேயா, வெளியேயா?

சிம்பாங் ரெங்கம் வட்டாரத்துத் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு மங்காத்தாவை நாம் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. தீபாவளிக்கு முதல் நாள் இரவு லயத்து வாசலில் பாய் விரித்துச் சீட்டுக்கட்டு வெளிவந்தால், இந்த ஆட்டத்துக்குக் கூட்டம் சேர்ந்துவிடும். வட இந்தியாவில் இதையே அந்தர் பாகர் என்பார்கள். கோவாவின் சூதாட்ட விடுதிகளில் இதற்குத் தனி மேசையே உண்டு. ஆட்டம் எல்லாருக்கும் தெரியும். அதன் கணக்குத்தான் பலருக்குத் தெரியாது.

விதி மிக எளியது. 52 சீட்டுகளைக் கலைத்து ஒரு சீட்டைத் திருப்பி நடுவில் வைக்கிறோம். அது ஏழு என்று வைத்துக்கொள்வோம். 'உள்ளே' அல்லது 'வெளியே' என்று ஒரு பக்கத்தில் பணம் கட்டுகிறோம். பிறகு சீட்டுகள் இரு பக்கமும் மாறி மாறி விழுகின்றன. அடுத்த ஏழு எந்தப் பக்கம் விழுகிறதோ அந்தப் பக்கம் வெற்றி. முதல் சீட்டு எந்தப் பக்கம் விழும் என்பது மட்டும் இடத்துக்கு இடம் மாறும்.

இரு பக்கமும் சரிபாதி வாய்ப்பு என்றுதான் நாம் நினைக்கிறோம். அது சரியன்று. மீதி 51 சீட்டுகளில் மூன்று ஏழுகள் இருக்கின்றன. ஆகவே எவ்வளவு தாமதமானாலும் 49ஆவது சீட்டுக்குள் ஓர் ஏழு வந்தே தீரும். 1, 3, 5 என்று 49 வரை முதல் பக்கத்துக்கு 25 இடங்கள். மற்றப் பக்கத்துக்கு 24 இடங்களே. அதோடு, முதல் பக்கம் ஒவ்வொரு முறையும் முந்திக்கொள்கிறது. அது தவறினால்தான் மற்றதற்கு முறை வரும். கணக்கிட்டுப் பார்த்தால், ஆயிரம் ஆட்டத்தில் முதல் பக்கம் சராசரியாக 515 முறை வெல்லும், மற்றது 485 முறை. இந்த ஆட்டத்தில் யுக்தி என்று ஒன்று இருந்தால் அது இவ்வளவுதான்: முதல் சீட்டு விழும் பக்கத்தில் கட்டுவது.

விடுதிக்காரர்களுக்கு இது தெரியாதா? தெரியும். அதனால் முதல் பக்கம் வென்றால் பத்து வெள்ளிக்கு ஒன்பது வெள்ளிதான் கொடுக்கும் வழக்கம் உண்டு. மற்றப் பக்கம் வென்றால் பத்துக்குப் பத்து. இப்போது கணக்குப் போட்டால், கட்டுகிற ஒவ்வொரு நூறு வெள்ளிக்கும் முதல் பக்கத்தில் சராசரியாக 2 வெள்ளி 15 காசும், மற்றப் பக்கத்தில் 3 வெள்ளியும் போகின்றன. எந்தப் பக்கம் கட்டினாலும் நட்டம் நமக்கே.

"நூற்றுக்கு இரண்டு வெள்ளிதானே" என்று தோன்றும். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். அந்த இரண்டு வெள்ளி, பையில் கொண்டுபோன நூறுக்கு அன்று. கட்டிய மொத்தத் தொகைக்கு. நிமிடத்துக்கு ஓர் ஆட்டம், ஆட்டத்துக்குப் பத்து வெள்ளி என்றால், நான்கு மணி நேரத்தில் கட்டிய தொகை 2,400 வெள்ளி! அதில் சராசரி நட்டம் 51 வெள்ளி 60 காசிலிருந்து 72 வெள்ளி வரை. 2025 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த குறைந்தபட்ச ஊதியம் மாதம் 1,700 வெள்ளி. அதை 26 வேலை நாளுக்குப் பிரித்தால் நாளொன்றுக்கு 65 வெள்ளி சொச்சம். வெயிலில் செம்பனைக் குலை வெட்டிய ஒரு நாள் உழைப்பு ஓர் இரவில் கரைவது இப்படித்தான்.

தோற்கத் தோற்க இரட்டிப்பாகக் கட்டினால் விட்டதைப் பிடித்துவிடலாம் என்பார்கள். ஐந்து, பத்து, இருபது, நாற்பது, எண்பது, நூற்று அறுபது: ஆறு முறை தொடர்ந்து தோற்றால் 315 வெள்ளி போய்விட்டது, ஏழாவது முறைக்கு 320 வெள்ளி வேண்டும். நூறு ஆட்டம் ஆடும் ஓர் இரவில் இப்படி ஆறு தோல்வி தொடர்ந்து வருவதற்கு ஏறத்தாழப் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு. "மூன்று முறை உள்ளே விழுந்தது, இனி வெளியேதான்" என்பதும் வீண் பேச்சு. நன்றாகக் கலைத்த சீட்டுக்கு முந்தைய ஆட்டம் நினைவில் இராது.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறோம். நம் நாட்டில் உரிமம் பெற்ற சூதாட்ட விடுதி 1971இல் திறக்கப்பட்ட கெந்திங் மலையில் மட்டுமே உண்டு. கடையின் பின்னறையில் ஆட்டம் வைத்தால் 1953ஆம் ஆண்டின் பொதுச் சூதாட்ட இல்லங்கள் சட்டம் குறுக்கே நிற்கும். ஆட்டம் வைத்தவர் மட்டுமல்லர், உட்கார்ந்து ஆடியவரும் குற்றவாளியே.

வீட்டில் பிள்ளைகளோடு புளியங்கொட்டை வைத்து இதைச் சோதித்துப் பாருங்கள். முதல் பக்கம், மறுபக்கம் என்று தாளில் கோடு போட்டு எண்ணி வாருங்கள். நூறு ஆட்டத்தில் வித்தியாசம் புலப்படாமலே போகலாம். சில வேளை மறுபக்கமே முந்தியும் நிற்கும். பல ஆயிரம் ஆட்டங்களுக்குப் பிறகுதான் அந்த 515 மெல்லத் தலைகாட்டும். மேசையில் உட்கார்ந்தவருக்கு அத்தனை ஆட்டம் ஆடக் காசு இராது. மேசைக்காரருக்கோ அது சில நாள் வியாபாரம்.