பாட்டு முந்திக்கொண்ட பிறகு

கிங் கிரிம்சன் குழுவின் முதல் இசைத்தட்டு 1969 அக்டோபரில் வந்தபோது, உறையின் முன்பக்கத்தில் ஓர் எழுத்துகூட இல்லை. உள்நாக்கு தெரிய அலறும் ஒரு சிவந்த முகம் மட்டும். மடிப்பைப் பிரித்தால் அதன் காது பின்பக்கம்வரை போகும். வரைந்தவர் பாரி காட்பர். கணினிக்கு நிரல் எழுதியவர். அவர் வரைந்த ஒரே தட்டுறை இது. 1970-இல், இளம் வயதிலேயே இறந்துபோனார்.

அறிமுகமே இல்லாத குழுவுக்குப் பெயரில்லாத உறை என்றால் அசட்டுத் துணிச்சல்தான். ஆனாலும் பலித்தது. கடையில் அடுக்கியிருக்கும் பன்னிரண்டு அங்குல அட்டைகளை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போகும் கை, எங்கே நிற்கிறதோ அங்கேதான் வியாபாரம். கொலம்பியா நிறுவனத்தில் அலெக்ஸ் ஸ்டைன்வைஸ் 1940-இல் வெறும் பழுப்பு உறைகளை விட்டு ஓவியம் போடத் தொடங்கியதும் இதை நம்பித்தான். வெல்வெட் அண்டர்கிரவுண்டின் முதல் தட்டுக்கு 1967-இல் ஆண்டி வார்ஹோல் தந்த வாழைப்பழத்தில் தோல் ஒரு ஸ்டிக்கர். உரித்தால் உள்ளே இளஞ்சிவப்புப் பழம். எத்தனை பேர் கடையிலேயே உரித்துப் பார்த்தார்களோ!

இப்போது பாட்டு முந்திக்கொள்கிறது. புதுப் பாடகரின் முகமும் குரலும் இன்ஸ்டாகிராமில் வந்துபோன பிறகுதான் ஓவியருக்கு அழைப்பு வருகிறது. 3000 பிக்சல் சதுரத்தில் படம் கேட்பார்கள். பாட்டுக் கேட்பவர் கண்ணில் படுவதோ கைப்பேசியில் நக அளவில். காட்பர் வரைந்த முகம் அந்த அளவிலும் தாங்கும். நுணுக்கமான கோட்டோவியம் தாங்காது, கசங்கிய கறையாகத் தெரியும். அதனால் ஒரே உருவம், தடித்த கோடு, இரண்டு மூன்று வண்ணம் என்று முன்பக்கம் சுருங்கிவிட்டது.

கையில் காசிருந்து சில நூறு வினைல் தட்டுகள் போட முடிந்தால், ஓவியருக்கு மறுபடி இடம் கிடைக்கிறது. ஆலை அனுப்பும் டெம்ப்ளேட்டில் முன், பின், மூன்று மில்லிமீட்டர் முதுகு, உள்ளுறையின் இரு பக்கம், தட்டின் நடுவே வட்ட லேபிள் எல்லாம் உண்டு. அந்த லேபிளைப் பசை வைத்து ஒட்டுவதில்லை. சூடான வினைலோடு சேர்த்தே அழுத்துகிறார்கள். ஈரம் இருந்தால் கொப்புளம் விடும் என்று தாளை முன்பே சுட்டுக் காயவைப்பார்கள். அந்தச் சூட்டில் சில வண்ணங்கள் நிறம் மாறிவிடும். நடுவில் துளை வேறு. வரையும் பறவைக்கு அங்கே கண் வைத்தால் தப்பித்தோம். அலகு வைத்தால் போச்சு.

இந்தத் தட்டை வாங்குகிறவர் பாட்டை முன்பே கேட்டவர். அவரைக் கடையில் மடக்க வேண்டியதில்லை. அமெரிக்காவில் வினைல் வாங்குபவர்களில் பாதிப் பேரிடம்தான் அதைச் சுழற்றும் கருவியே இருக்கிறது என்று லுமினேட் நிறுவனம் 2023-இல் கணக்குச் சொன்னது. மீதிப் பேருக்குத் தட்டு உறைக்குள்ளேயே கிடக்கிறது. அவர்கள் காசு கொடுத்தது ஓவியத்துக்கு.