எந்த வைரஸைத் தடுத்தது?

'எச்ஐவி தடுப்பூசி போட்டவர்களுக்கு ஆன்டிபாடி உருவானது' என்று அவ்வப்போது செய்தி வரும். ஆன்டிபாடி உருவாவது அரிதல்ல. தொற்று உள்ளவரின் ரத்தத்திலும் அது ஏராளம். எச்ஐவி பரிசோதனையே பெரும்பாலும் அதைத்தான் தேடுகிறது. வைரஸைச் செல்லுக்குள் நுழையவிடாமல் அது தடுக்கிறதா என்பதுதான் கேள்வி.

இதற்கு உலகெங்கும் ஆய்வகங்கள் நம்பியிருப்பது 'டிஇசட்எம்-பிஎல்' என்ற செல்களை. 1951இல் ஹென்ரியட்டா லாக்ஸ் என்ற கறுப்பினப் பெண்ணின் புற்றுநோய்க் கட்டியிலிருந்து, அவரிடம் கேட்காமலேயே எடுத்து வளர்த்த ஹீலா செல்களின் வழிவந்தவை இவை. அவருக்கு இத்துறை பட்டிருக்கும் கடன் பெரிது. எச்ஐவி பற்றிக்கொள்ளும் சிடி4, சிசிஆர்5 புரதங்களோடு, மின்மினிப் பூச்சியின் ஒளிரும் என்சைமுக்கான மரபணுவையும் இவற்றில் சேர்த்திருக்கிறார்கள். வைரஸ் நுழைந்தால் அந்த மரபணு வேலை செய்யத் தொடங்கும்.

96 குழிகள் கொண்ட பிளாஸ்டிக் தட்டில், ரத்தத்திலிருந்து பிரித்த சீரத்தைக் குழிக்குக் குழி மேலும் மேலும் நீர்க்கச் செய்து ஊற்றுகிறார்கள். அதோடு சேர்ப்பது போலி வைரஸ்: மேலுறை எச்ஐவியுடையது, ஆனால் ஒருமுறை நுழைவதோடு சரி, பெருகாது. பிறகு செல்களைச் சேர்த்து 48 மணி நேரம் வைத்து, ஒளியை அளக்கிறார்கள். எத்தனை மடங்கு நீர்த்த சீரம் ஒளியைப் பாதியாகக் குறைக்கிறதோ, அதுவே 'ஐடி50'. பக்கத்திலேயே எலி வைரஸின் மேலுறை போர்த்திய ஒன்றையும் சோதிப்பார்கள். சீரம் அதையும் தடுத்துவிட்டால் சந்தேகம்தான். அந்த நபர் சாப்பிட்ட எச்ஐவி மாத்திரையின் வேலையாக அது இருக்கலாம்.

முறை இவ்வளவு கறாராக இருந்தும் எண் ஏமாற்றக்கூடும். சோதிக்கும் வைரஸ்களில் எளிதில் அடங்குபவை முதல் அடுக்கு; மக்களிடையே பரவுபவற்றில் பெரும்பாலானவை இரண்டாம் அடுக்கு. 2009இல் முடிவு வெளியான தாய்லாந்து எச்ஐவி தடுப்பூசி ஆய்வில் 16,000க்கும் அதிகமானோர் பங்கேற்றனர். தடுப்பூசியின் பலன் 31.2 சதவீதம். தடுப்பூசி போட்டவர்களின் ஆன்டிபாடிகள் முதல் அடுக்கு வைரஸ்களைத்தான் தடுத்தன. எனவே ஆன்டிபாடி பற்றிய எந்தச் செய்தியிலும் நான் முதலில் தேடுவது, எந்த அடுக்கு வைரஸோடு சோதித்தார்கள் என்பதைத்தான்.

தட்டில் கிடைத்த எண் மனித உடலுக்கும் பொருந்துமா? 2021இல் வெளியான 'ஏஎம்பி' ஆய்வுகள் இதற்கு விடை தந்தன. தடுப்பூசிக்குப் பதிலாக, விஆர்சி01 என்ற தயார்நிலை ஆன்டிபாடியை நரம்பு வழியாக எட்டு வாரத்துக்கொரு முறை ஏற்றினார்கள். ஒட்டுமொத்தத் தொற்று குறிப்பிடும்படி குறையவில்லை. ஆனால் ஆய்வகத்தில் அந்த ஆன்டிபாடிக்கு எளிதில் அடங்கிய வைரஸ்களின் தொற்று மட்டும் 75 சதவீதம் குறைந்திருந்தது. அந்தத் தரவுகளை வைத்து ஆய்வாளர்கள் ஓர் இலக்கையும் கணித்தார்கள்: 200 மடங்கு நீர்த்த பிறகும் சீரம் வைரஸை 80 சதவீதம் தடுத்தால், சுமார் 90 சதவீதப் பாதுகாப்பு கிடைக்கலாம். பல வகை இரண்டாம் அடுக்கு வைரஸ்களுக்கு எதிராக அந்த அளவை எந்தத் தடுப்பூசியும் மனிதரிடம் இன்னும் எட்டவில்லை.