தூரத்துக் கண்ணும் பக்கத்துக் கையும்

“அம்மிணி, எத்தனை காட்டுது?”

“96 இருக்குதுங்க அத்தை.”

“அப்பாடா!”

2021-ஆம் வருஷம் மே மாதம் கோவை, ஈரோடு, திருப்பூர் வட்டாரத்தில் இந்தச் சம்பாஷணை கேட்காத தெரு அபூர்வம். விரல் நுனியில் மாட்டும் அந்தச் சின்னக் கருவிக்கு ஆதாரமான தத்துவத்தை 1974-ல் வெளியிட்டவர் ஜப்பானிய எஞ்சினீயர் தகுவோ அவோயாகி. ரத்தத்திலுள்ள பிராணவாயுவின் அளவைத் தோலைக் கீறாமலே அது சொல்லிவிடும். 94-க்குக் கீழே இறங்கினால் டாக்டரிடம் ஓட வேண்டியதுதான்.

அந்த மாதக் கடைசியில் கோவை மாவட்டத்தில் மட்டும் ஒரே நாளில் 4,000 பேருக்கு மேல் கொரோனா கண்டது. சென்னையையே மிஞ்சிவிட்டது! படுக்கை கிடைப்பதே பெரும்பாடு. கிடைத்தாலும், மூச்சு இயந்திரத்தைப் பக்குவமாக இயக்கத் தெரிந்த நிபுணர் பக்கத்தில் இருக்க வேண்டுமே? அவர்களில் பெரும்பாலோர் இருப்பது பெரிய நகரங்களில் அல்லவா?

திரைக்கு முன்னால் ஒரு நிபுணர்

இந்தக் குறையைத் தீர்க்க வந்ததுதான் தொலைதூரத் தீவிர சிகிச்சை. எங்கோ ஓர் அறையில் திரைகளுக்கு முன்னால் நிபுணர் உட்கார்ந்திருப்பார். பல மைலுக்கு அப்பால் படுத்திருக்கும் நோயாளியின் நாடித் துடிப்பு, ரத்த அழுத்தம், பிராணவாயு அளவு எல்லாம் அவர் கண்ணெதிரே ஓடும். காமிராவைத் திருப்பி முகத்தையும் பார்க்கலாம். 2000-த்தில் அமெரிக்காவில் நார்ஃபோக் நகர ஆஸ்பத்திரி ஒன்றில் இம்முறை நடைமுறைக்கு வந்தது. நம் நாட்டிலோ, கொரோனா சமயத்தில் தில்லி எய்ம்ஸ் டாக்டர்கள் 2020 ஜூலை 8 முதல் வீடியோ மூலம் மற்ற ஊர் டாக்டர்களுக்கு யோசனை சொன்னார்கள்.

“அப்படியானால் கவலை விட்டது!” என்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள். அம்மா ஊரிலிருந்தபடியே டெலிபோனில் ரசம் வைக்கச் சொல்லித் தரலாம். கரண்டி பிடிப்பவள் மகள்தானே?

மூச்சுத் திணறும் நோயாளியைக் குப்புறப் படுக்க வைத்தால் பிராணவாயு அளவு ஏறுவதுண்டு. “குப்புறத் திருப்புங்கள்” என்று திரையிலிருந்து சொல்ல ஒரு விநாடி போதும். தொண்டைக் குழாய் நழுவாமல், ஊசி பிடுங்கிக் கொள்ளாமல் திருப்ப நாலைந்து பேர் வேண்டும். அதுவும் வியர்வையில் நனைந்த கவச உடையோடு! அந்தக் கைகள் இல்லாவிட்டால் எவ்வளவு நல்ல யோசனையும் திரையோடு நின்றுவிடும்.

கோவை முன்பே படித்த பாடம்

இந்த உண்மை கொங்கு நாட்டுக்குப் புதிதல்ல. கொரோனாவுக்குப் பல வருஷம் முன்பே, கோவை இருதய நிபுணர் டாக்டர் தாமஸ் அலெக்சாண்டரும் அவருடைய சகாக்களும் கோவை–ஈரோடு பகுதியில் மாரடைப்புக்காக ஒரு முயற்சி செய்து பார்த்தார்கள். சிறிய ஆஸ்பத்திரியில் எடுக்கும் இ.ஸி.ஜி. உடனே பெரிய ஆஸ்பத்திரி நிபுணருக்குப் போய்ச் சேரும். அவர் சொற்படி முதல் மருந்து அங்கேயே கொடுக்கப்படும். பிறகு இது தமிழ்நாட்டில் நான்கு வட்டாரங்களுக்குப் பரவியது. 2,420 நோயாளிகளைக் கவனித்த ஆய்வின் முடிவு 2017-ல் வெளியாயிற்று. ஒரு வருஷத்துக்குள் மரணமடைந்தோர் முன்பு 100-க்கு 17.6 பேர், திட்டம் வந்தபின் 14.2 பேர். இது கருவியின் சாதனை மட்டுமல்ல. பழக்கப்பட்ட சிறிய ஆஸ்பத்திரி ஊழியர்களும் 108 ஆம்புலன்ஸும் சேர்ந்து இழுத்த தேர் அது.

வீட்டுக்கு ஒரு வார்த்தை

சகோதரிகளே, விரல் கருவியைப் பத்திரமாக வைத்திருங்கள். மாட்டும்போது நகச்சாயம் வேண்டாம். விரல் சில்லிட்டிருந்தால் தேய்த்துச் சூடாக்கிக் கொள்ளுங்கள். கறுத்த மேனியருக்கு அது சில சமயம் அளவைக் கூட்டிக் காட்டும் என்பதும் 2020-ல் வெளியான அமெரிக்க ஆராய்ச்சியில் தெரிந்தது. ஆகையால் எண் நன்றாக இருந்தும் மூச்சு வாங்கினால், எண்ணை நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

உங்கள் ஊர் ஆஸ்பத்திரிக்குப் புதுத் திரை வந்தால் சந்தோஷப்படுங்கள். கூடவே, “இராத்திரி எத்தனை நர்ஸ் இருப்பாங்க?” என்றும் ஒரு வார்த்தை கேட்டு வையுங்கள்.