பருவத்திற்கு முன்னே ஒரு பட்டியல்

தோட்டத் திடலில் காற்பந்துப் போட்டி நடக்கப் போகிறதென்றால், ஒரு வாரத்திற்கு முன்பே ஒட்டுக்கடையில் பேச்சு தொடங்கிவிடும். எந்தக் குழு வெல்லும், எது முதல் சுற்றிலேயே வீட்டுக்குப் போகும் என்று ஆளுக்கொரு கணக்குச் சொல்வார்கள். இதையே அமெரிக்காவில் ஆண்டுதோறும் அக்டோபர் மாதத்தில், வாக்கெடுத்து, புள்ளி கூட்டி, பட்டியலாக அச்சிட்டு வெளியிடுகிறார்கள். அங்குள்ள கல்லூரிகளின் கூடைப்பந்துப் பருவம் நவம்பரில் தொடங்குகிறது. அதற்கு முன் வெளிவரும் அந்தப் பட்டியலைப் பற்றியும், அது எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பதைப் பற்றியும் இன்று பேச வந்திருக்கிறேன். நம் பிள்ளைகளில் பலர் அந்த ஆட்டங்களைக் கைப்பேசியில் பார்க்கிறார்கள். பெற்றோர்களும் விவரம் தெரிந்துகொண்டால் வீட்டில் சேர்ந்து பேசலாம் அல்லவா?

முதலில் ஆட்டத்தின் அமைப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு பக்கத்திற்கு 5 பேர். கூடையின் வளையம் தரையிலிருந்து 10 அடி உயரத்தில் இருக்கும். ஆண்கள் கல்லூரி ஆட்டம் இருபது இருபது நிமிடமாக 40 நிமிடம் நடக்கும். பந்து கைக்கு வந்தால் 30 வினாடிக்குள் கூடையை நோக்கி எறிந்தாக வேண்டும். சாதாரணமாகப் போட்டால் 2 புள்ளி, தொலைவில் வரைந்துள்ள கோட்டுக்கு அப்பாலிருந்து போட்டால் 3 புள்ளி. இவ்வளவு தெரிந்தால் போதும்.

முதல் பிரிவில் ஏறக்குறைய 360 கல்லூரிகள் ஆடுகின்றன. எல்லாரும் எல்லாருடனும் ஆட முடியாது. ஆகவே, பத்துப் பன்னிரண்டு கல்லூரிகள் சேர்ந்து ஒரு கூட்டமைப்பாக இயங்குகின்றன. அங்கே அதைக் கான்பரன்ஸ் என்பார்கள். பிக் டென், எஸ்.இ.சி. போன்றவை பணமும் பேரும் மிகுந்த பெரிய கூட்டமைப்புகள். நான் எடுத்துக்கொண்டிருப்பது ஒரு நடுத்தரக் கூட்டமைப்பு. அதன் பெயர் மிசூரி வேலி, அதாவது மிசூரிப் பள்ளத்தாக்கு. 1907-இல் தொடங்கிய பழைய அமைப்பு அது. அயோவா, இல்லினாய், இண்டியானா முதலிய உள்நாட்டு மாநிலங்களின் நடுத்தர ஊர்க் கல்லூரிகளே பெரும்பாலும் அதில் இருக்கின்றன.

மார்ச் மாதத்தில் நாடு முழுமைக்குமான பெரும் போட்டி நடக்கும். 2025-இல் அதற்கு 68 குழுக்கள் அழைக்கப்பட்டன. 31 கூட்டமைப்புகளின் வெற்றியாளர்களுக்கு அதில் இடம் உறுதியாக இருந்தது. எஞ்சிய இடங்களை ஒரு தேர்வுக் குழு பார்த்துக் கொடுக்கும். கொடுத்த விதத்தைப் பாருங்கள்: அந்த ஆண்டு எஸ்.இ.சி. என்னும் பெரிய கூட்டமைப்பிலிருந்து மட்டும் 14 குழுக்கள் போயின. மிசூரிப் பள்ளத்தாக்கிலிருந்து போனது ஒன்றே ஒன்று. பெரிய இடத்துக் குழு ஐந்தாறு ஆட்டம் தோற்றாலும் மார்ச்சில் ஆடும். நடுத்தரக் குழுவோ நான்கு மாதம் வென்றுவிட்டு ஒரு நாள் சறுக்கினால் வெளியே நிற்கும். அந்த ஒரு நாள் செயின்ட் லூயிஸ் நகரில் வருகிறது. 1991 முதல் மிசூரிப் பள்ளத்தாக்கின் இறுதிச் சுற்றுகள் அங்கேதான் நடந்து வருகின்றன. 630 அடி உயரமுள்ள ஒரு பெரிய வளைவு அந்நகரின் அடையாளம்.

இனிப் பட்டியலுக்கு வருவோம். பயிற்றுநர்களும் செய்தியாளர்களும் வாக்களிக்கிறார்கள். 12 குழு இருந்தால், முதலிடத்தில் எழுதப்பட்ட குழுவுக்கு 12 புள்ளி, அடுத்ததற்கு 11 என்று வழக்கமாகக் குறைந்துகொண்டே வரும். எல்லாத் தாள்களையும் கூட்டினால் பட்டியல் தயார். ஆட்டம் ஒன்றுகூட நடவாத நேரத்தில் வாக்களிப்பவர் எதைப் பார்த்து எழுதுகிறார்? சென்ற ஆண்டு எத்தனை வெற்றி, அந்த வெற்றியைத் தந்தவர்களில் எத்தனை பேர் திரும்பி வருகிறார்கள், பந்தை நடத்திச் செல்லும் ஆட்டக்காரர் பழையவரா புதியவரா, பயிற்றுநர் அதே ஆளா? இவைதாம் அவர் கையில் உள்ள கணக்கு. ஆக, வரப்போகும் ஆண்டைப் பற்றிய பட்டியல் என்று பெயர் இருந்தாலும், அதில் பாதிக்கு மேல் போன ஆண்டின் கணக்குத்தான்.

2017 அக்டோபரில் மிசூரி ஸ்டேட் என்ற பல்கலைக்கழகத்தை முதலிடத்தில் போட்டார்கள். சிகாகோவின் லொயோலா பல்கலைக்கழகத்திற்கு மூன்றாம் இடம். நடந்தது என்ன? மிசூரி ஸ்டேட் கூட்டமைப்பு ஆட்டங்களில் வென்றதைவிடத் தோற்றது அதிகம். பருவம் முடிந்ததும் அதன் பயிற்றுநர் வேலை இழந்தார். லொயோலா கூட்டமைப்பை வென்று, மார்ச் போட்டியில் மயாமியை 64-62, டென்னசியை 63-62, நெவாடாவை 69-68 என்று நூலிழையில் வென்று, கடைசி நான்கு குழுக்களில் ஒன்றாக நின்றது. அந்தக் குழுவின் ஆன்மிக வழிகாட்டி 98 வயதுக் கன்னிகாஸ்திரீ ஒருவர். சிஸ்டர் ஜீன் என்று நாடே அவரை அறிந்துகொண்டது. அந்த அம்மையாரும் ஒரு கணிப்பு எழுதியிருந்தார். அதில் தம் பிள்ளைகள் கடைசிப் பதினாறோடு நின்றுவிடுவார்கள் என்று போட்டிருந்தார்! 2025 அக்டோபரில், 106-ஆவது வயதில் அவர் காலமானார்.

அந்தக் காலக் கணக்குக்கு ஓர் ஒழுங்கு இருந்தது. ஒரு கல்லூரியை விட்டு மறு கல்லூரிக்கு மாறும் ஆட்டக்காரர் ஓராண்டு ஆடாமல் உட்கார வேண்டும் என்பது பொதுவிதி. ஆகவே மாறுகிறவர்கள் யோசித்தே மாறினார்கள். நடுத்தரக் கல்லூரியின் பலமே அதில்தான் இருந்தது. 18 வயதில் பெரிய கல்லூரிகள் ஒதுக்கிய பையனைச் சேர்த்துக்கொண்டு, நான்காண்டு பழக்கி, 22 வயதில் முதிர்ந்த ஆட்டக்காரனாகத் திடலில் இறக்குவார்கள். நமக்குத் தெரிந்த மறுநடவு மாதிரிதான். ரப்பர்க் கன்று வைத்தவன் ஐந்தாறு ஆண்டு கழித்தே பால் காண்பான்; ஆனால் எந்தக் காடு எப்போது வெட்டுக்கு வரும் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம்.

2021-இல் அந்த விதி தளர்ந்தது. ஒரு முறை மாறினால் உட்கார வேண்டியதில்லை என்றார்கள். 2024-இல், படிப்பில் தகுதி குறையாதிருந்தால் எத்தனை முறை மாறினாலும் உடனே ஆடலாம் என்றாயிற்று. 2021 முதல் ஆட்டக்காரர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் விளம்பரத்திற்குத் தந்து பணம் பெறலாம். 2025 ஜூலையிலிருந்து கல்லூரியே நேராகப் பணம் கொடுக்கலாம். முதல் ஆண்டில் ஒரு கல்லூரி தன் விளையாட்டுகள் அனைத்துக்குமாகக் கொடுக்கக்கூடிய உச்சவரம்பு ஏறத்தாழ 2 கோடியே 5 லட்சம் டாலர். நடுத்தரக் கல்லூரிக்கு இது எட்டாக்கனி. இப்போது வளர்ந்த மரத்தையே வேரோடு பெயர்த்துக்கொண்டு போகிறார்கள்.

இதற்கு 2024-ஆம் ஆண்டைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. அந்த மார்ச்சில் செயின்ட் லூயிஸ் இறுதியாட்டத்தில் மோதியவை இண்டியானா ஸ்டேட்டும் டிரேக்கும். இண்டியானா ஸ்டேட் என்பது 1979-இல் லேரி பேர்டு ஆடி நாட்டின் இறுதியாட்டம் வரை கொண்டுபோன கல்லூரி. அதன் பிறகு நெடுங்காலம் அப்படியொரு குழு அமையவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கட்டிக்கொண்டு ஆடும் ராபி அவீலா என்ற உயரமான பிள்ளையை நடுவில் வைத்து, கூட்டமைப்பில் 17 வெற்றி 3 தோல்வி என்று முதலிடம் பிடித்தார்கள். இறுதியாட்டத்தில் டிரேக் 84-80 என்று வென்றுவிட்டது. நான்கு புள்ளி வித்தியாசம். 28 வெற்றி 6 தோல்வி கண்ட இண்டியானா ஸ்டேட்டுக்குப் பெரும் போட்டியில் இடமில்லை என்று தேர்வுக் குழு சொல்லிவிட்டது. அடுத்த நிலைப் போட்டிக்குப் போய், அங்கும் இறுதியாட்டத்தில் சீட்டன் ஹாலிடம் 79-77 என்று தோற்றார்கள். அவர்களைத் தள்ளிவிட்டது நியாயமல்ல என்பதே என் எண்ணம். 28 ஆட்டம் வென்ற பிள்ளைகளுக்கு ஒரு கதவைத் திறந்திருக்கலாம்.

அதன்பின் பயிற்றுநர் ஜோஷ் ஷெர்ட்ஸ் செயின்ட் லூயிஸ் பல்கலைக்கழகத்திற்குப் போனார். அந்தக் காலத்தில் கங்காணி தோட்டம் மாறினால் அவருடைய ஆட்களும் பெட்டியைக் கட்டிக்கொண்டு உடன் போனதைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அதேபோல் அவீலாவும் ஐசேயா ஸ்வோப்பும் அவருடன் போனார்கள். இருவர் டெக்சஸ் பல்கலைக்கழகத்திற்கும் ஒருவர் சேவியருக்கும் போனார்கள். முதல் ஐவரில் ஒருவர்கூட மிஞ்சவில்லை.

டிரேக்கிலும் அதே கதை. பயிற்றுநர் மேற்கு வர்ஜீனியாவுக்குப் போக, குழுவின் தலைசிறந்த ஆட்டக்காரரான அவர் மகனும் உடன் போனார். மற்ற முக்கியமானவர்கள் படிப்பை முடித்தார்கள் அல்லது வேறு கல்லூரி தேடினார்கள். ஆக, 2024 அக்டோபரில் வாக்களிக்க உட்கார்ந்தவர் முன்னால், சென்ற ஆண்டின் முதல் இரு குழுக்களும் வெறும் பெயர்ப் பலகையாகவே இருந்தன. பழைய ஆட்கள் இருந்த பிராட்லி போன்ற குழுக்களின் மேல் நம்பிக்கை வைத்தது இயல்பு. டிரேக்கை யாரும் பெரிதாக எண்ணவில்லை.

டிரேக் வரவழைத்த புதிய பயிற்றுநர் பென் மெக்காலம். அவர் இரண்டாம் பிரிவில், வடமேற்கு மிசூரி ஸ்டேட் என்ற கல்லூரிக்கு நான்கு முறை பட்டம் வாங்கிக் கொடுத்தவர். தம்முடன் அங்கிருந்தே நான்கு ஆட்டக்காரர்களை அழைத்து வந்தார். இரண்டாம் பிரிவுப் பையன்கள் முதல் பிரிவில் என்ன செய்துவிடுவார்கள் என்ற ஐயம் எழுந்தது. அவர்களுள் ஒருவர் பென்னட் ஸ்டர்ட்ஸ். உயர்நிலைப் பள்ளி முடித்தபோது முதல் பிரிவுக் கல்லூரி எதுவும் அவருக்கு உபகாரச் சம்பளம் தர முன்வரவில்லை.

அவர்கள் ஆடிய முறை கவனிக்கத்தக்கது. பந்து கிடைத்தவுடன் ஓடிப் போய் எறிய மாட்டார்கள். கொடுத்து வாங்கி, கொடுத்து வாங்கி, 30 வினாடியில் பெரும்பகுதியைக் கழித்து, நல்ல இடம் பார்த்து எறிவார்கள். இதனால் ஓர் ஆட்டத்தில் இரு பக்கத்திற்கும் கிடைக்கும் வாய்ப்புகள் குறைகின்றன. வாய்ப்பு குறைந்தால், திறமை மிகுந்த எதிரிக்குத் தன் மிகுதியைக் காட்ட நேரம் போதாது. பலம் குறைந்தவன் பலசாலியைச் சமாளிக்க இது ஒரு நல்ல வழி. ஆனால் பொறுமையும் ஒருவரையொருவர் அறிந்த பழக்கமும் வேண்டும். நான்கு பேருக்கு அந்தப் பழக்கம் ஏற்கெனவே இருந்தது. பட்டியல் போட்டவர்கள் டிரேக்கைப் புதிய குழு என்று கணக்கிட்டார்கள். உண்மையில் அது இடம் மாறிய பழைய குழு.

கூட்டமைப்பில் 17 வெற்றி 3 தோல்வி. அதற்கு வெளியே மார்ச் வரை தோல்வியே இல்லை. ஸ்டர்ட்ஸ் கூட்டமைப்பின் சிறந்த ஆட்டக்காரர் ஆனார். இறுதியாட்டத்தில் பிராட்லியை 63-48 என்று வென்றார்கள். ஆக, பிராட்லியை நம்பியவர்களும் முழுக்கத் தவறிவிடவில்லை. இரண்டாம் இடமும் இறுதியாட்டமும் அதற்குக் கிடைத்தன. பெரும் போட்டியில் டிரேக் மிசூரிப் பல்கலைக்கழகத்தை 67-57 என்று வென்று, பிறகு டெக்சஸ் டெக்கிடம் 77-64 என்று தோற்றது. அந்த டெக்சஸ் டெக்கில் ஆடிய கெவின் ஓவர்ட்டன், முந்தைய ஆண்டு டிரேக்கின் சட்டையைப் போட்டு ஆடியவர்! இண்டியானா ஸ்டேட்டோ அந்தப் பருவத்தில் வெற்றியைவிடத் தோல்வியையே அதிகம் கண்டது.

இதைப் பெற்றோர் கண்ணால் பார்த்தால் இன்னொரு பக்கமும் தெரியும். மாறிப் போகும் எல்லாருக்கும் டெக்சஸ் கிடைப்பதில்லை. பழைய இடத்தை விட்டுவிட்டுப் புதிய இடம் கிடைக்காமல் நிற்பவர்களும் உண்டு. ஒரு கல்லூரியில் தேறிய பாடங்கள் எல்லாம் மறு கல்லூரியில் கணக்கில் சேரும் என்ற உறுதியில்லை. இரண்டு மூன்று கல்லூரி மாறிய பிள்ளை பட்டம் வாங்காமலே பருவம் முடிந்து வெளியே வரலாம். பயிற்றுநருக்காக அந்தக் கல்லூரியில் சேர்ந்தவன், அவர் போன பிறகு வருபவருக்கு வேண்டாதவன் ஆகலாம். பட்டியலில் இதற்கெல்லாம் கட்டம் இல்லை.

ஆகவே பட்டியலைப் படிக்கும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது, எண்ணை விட்டுவிட்டுக் காரணத்தைப் பாருங்கள் என்பதே. புதியவர்கள் எத்தனை பேர் என்று மட்டும் எண்ணாமல், அவர்களில் யார் யார் முன்பே சேர்ந்து ஆடியவர்கள் என்று கேட்க வேண்டும். பயிற்றுநர் எத்தனையாவது ஆண்டு என்று பார்க்க வேண்டும். நவம்பர், டிசம்பரில் வெளிக் குழுக்களுடன் ஆடும் ஆட்டங்களின் முடிவு வந்ததும், கையில் உள்ள பட்டியலைத் திருத்தி எழுதிப் பார்க்கலாம். நல்ல கணக்குப் பயிற்சியாகவும் இருக்கும்.

2025 மார்ச்சில் மெக்காலம் அயோவாப் பல்கலைக்கழகத்திற்குப் போனார். ஸ்டர்ட்ஸும் உடன் போனார். அதே ஆண்டு ஜூலையில் மிசூரி ஸ்டேட் கூட்டமைப்பை விட்டே வெளியேறியது. 2025 அக்டோபரில் பட்டியல் எழுதியவர்கள் 11 குழுக்களை வைத்து மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினார்கள். 11 குழு என்றால் ஒவ்வொன்றும் மற்றப் பத்துடன், சொந்தத் திடலில் ஒன்று, வெளித் திடலில் ஒன்று என்று 20 ஆட்டம். குளிர்காலத்தில் அங்கே இரவு 8 மணி ஆட்டம் என்றால், நமக்கு மறுநாள் காலை 10 மணி. பள்ளி நாளாக இல்லாவிட்டால் பிள்ளைகளைப் பார்க்க விடுங்கள்.