காவல் நாயைக் கொல்லும் ஊறலும் திராட்சைச் சக்கையும்

பட்டியில் அடைத்த ஆட்டுக்கும், கொட்டகையில் கட்டிய கறவை மாட்டுக்கும் இரவுக் காவல் நாய்தான். கூலி கேட்காத இந்தக் காவலாளிக்கு நாம் கொடுப்பது மிஞ்சிய சோறும், குடிக்க நீரும்தான். அந்தச் சோற்றோடும் நீரோடும் நஞ்சு சேர்ந்துவிடும் வழிகள் சில உண்டு. மது காய்ச்சவும் ஊற வைக்கவும் பயன்படும் பொருள்களும், அவற்றின் கழிவுகளும் அவற்றில் முக்கியமானவை.

சென்னையின் வடகோடியில், மணலியை அடுத்துள்ளது சடையங்குப்பம். 2011-ல் சென்னை மாநகராட்சியுடன் இணைக்கப்பட்ட ஊர் இது. கொசஸ்தலை ஆறும் பக்கிங்காம் கால்வாயும் அருகிலேயே ஓடுகின்றன. சுற்றிலும் தொழிற்சாலைகள் எழுந்துவிட்ட இந்தத் தாழ்வான பகுதியில் மாடும் ஆடும் வளர்ப்போருக்கு நாய் இன்றியமையாதது. மழைக் காலத்தில் வெள்ளம் புகுந்தால், எங்கோ கொட்டிய கழிவு வாசலுக்கு மிதந்து வரும். நாய் எதை மோப்பம் பிடிக்கிறது, எதை நக்குகிறது என்பதை இங்குள்ளவர்கள் கூடுதலாகவே கவனிக்க வேண்டியிருக்கிறது. ஆனால் இங்கே கூறப்படும் முறைகள் எல்லா ஊருக்கும் பொருந்தும்.

தமிழ்நாட்டில் உரிமம் இன்றி வீட்டில் மது தயாரிப்பது 1937-ம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். கள் இறக்கவும் 1987 ஜனவரி 1 முதல் தடை உள்ளது. ஆயினும் மறைவிடங்களில் ஊறல் போடுவது அடியோடு நின்றுவிடவில்லை. கிறிஸ்துமஸ் நெருங்கும்போது சில வீடுகளில் திராட்சையை ஊற வைப்பதும் பழைய வழக்கம். இதே பொருள்களில் பல, மதுவோடு எந்தத் தொடர்பும் இல்லாத வீட்டுச் சமையலறையிலும் இருக்கின்றன. ஆகவே இது குடிப்பவர் வீட்டுச் சங்கதி மட்டும் என்று எவரும் ஒதுக்கிவிட வேண்டாம்.

ஊறல்

வெல்லம், வெல்வேலம்பட்டை, கடுக்காய், அழுகிய பழங்கள் ஆகியவற்றை நீரில் போட்டுப் புளிக்க வைப்பதே ஊறல். வெல்ல வாசனைக்கு நாயும் வரும், மாடும் வரும். காவல் துறையினர் ஊறலைக் கண்டுபிடித்து அழிக்கும்போது பெரும்பாலும் தரையிலேயே கொட்டிவிடுகின்றனர். குழியில் தேங்கிய அந்த நீரும், மேலே படிந்த சக்கையும் கால்நடைகளுக்கு எட்டும்படி கிடக்கின்றன.

சுமார் 60 கிலோ எடையுள்ள மனிதனுக்கு லேசான போதை தரும் அளவு, 10 கிலோ எடையுள்ள நாயைச் சாய்த்துவிடும். குடித்த அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்குள் தள்ளாட்டம், வாந்தி, சோர்வு தோன்றும். உடல் சில்லிட்டுப் போகும். இரத்தத்தில் சர்க்கரை குறையும். அளவு மிகுந்தால் மூச்சு மெலிந்து நின்றுவிடும். குட்டிகளுக்கு ஆபத்து இன்னும் அதிகம்.

காரத்துக்காகவும் போதைக்காகவும் ஊறலில் நவச்சாரம், ஊமத்தை விதை, யூரியா போன்றவற்றையும் சிலர் சேர்ப்பது உண்டு. நவச்சாரம் வயிற்றைப் புண்ணாக்கி வாந்தியை உண்டாக்கும். ஊமத்தை தின்ற நாய்க்கு வாய் உலர்ந்து, கண்மணி விரிந்து, வெறி பிடித்ததுபோல் ஆகும். யூரியாவால் நாயைவிட மாட்டுக்கே கேடு அதிகம். மாட்டின் முதல் இரைப்பையில் உள்ள நுண்ணுயிர்கள் யூரியாவை அம்மோனியாவாக மாற்றுவதால் வயிறு உப்பி, உதறல் கண்டு, சில மணி நேரத்தில் மாடு இறக்க நேரிடும். வெல்ல ஊறலை வயிறு நிறையக் குடித்த மாட்டுக்கு இரைப்பையில் அமிலம் பெருகி, அசை போடுவது நின்றுவிடும்.

திராட்சையும் உலர் திராட்சையும்

கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சை தமிழ்நாடு எங்கும் விற்பனைக்கு வருகிறது. மனிதனுக்கு நல்லதான இந்தப் பழம் நாயின் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும். இந்த உண்மையை அமெரிக்க விலங்கு நஞ்சு மருத்துவர்கள் 2001-ல் வெளிப்படுத்தினர். எந்தச் சத்து நஞ்சாகிறது என்பது அதன்பின் 20 ஆண்டுகள் வரை விளங்கவில்லை. திராட்சையில் உள்ள டார்டாரிக் அமிலமே காரணமாக இருக்கக்கூடும் என்ற கருத்தை 2021-ல் அவர்கள் முன்வைத்தனர்.

பழமும், உலர் திராட்சையும், ஒயின் வடித்தபின் எஞ்சும் சக்கையும் எல்லாமே ஆபத்தானவைதான். சக்கையில் சாராயச் சத்தும் சேர்ந்திருப்பதால் தீங்கு இரு மடங்கு. 'இவ்வளவு வரை தின்னலாம்' என்று அளவு சொல்வதற்கில்லை. ஒரு நாய் நிறையத் தின்றும் தப்பிவிடும். இன்னொன்று கொஞ்சம் தின்றே மடியும். தின்ற 24 மணி நேரத்துக்குள் வாந்தி வரும். பிறகு தீனி எடுக்காது. 1 முதல் 3 நாள்களில் சிறுநீர் குறைந்து, கடைசியில் நின்றுவிடும். சிறுநீர் நின்ற பிறகு பிழைப்பது அரிது. வாந்தி ஒருமுறை வந்து நின்றுவிட்டதே என்று இருந்துவிடுவதுதான் பலரும் செய்யும் தவறு.

புளியிலும் எச்சரிக்கை

டார்டாரிக் அமிலம் திராட்சையைவிட நம் வீட்டுப் புளியில் மிகுதி. புளி தின்ற நாய்களுக்கும் இதே போன்ற சிறுநீரகக் கோளாறு வந்ததை 2022-ல் அமெரிக்க மருத்துவர்கள் பதிவு செய்துள்ளனர். புளியைக் கரைத்துப் பிழிந்த கோதைக் கொல்லையில் வீசுவது எல்லா வீட்டிலும் உள்ள பழக்கம். உப்பும் எண்ணெயும் ஒட்டியிருந்தால் நாய் அதை விடாது. கோதை எருக்குழியில் போட்டு மண் மூடுவது நல்லது. புளிக் காய்ச்சல், புளிச் சோறு ஆகியவற்றை நாய்க்கு வைக்க வேண்டாம்.

ஈஸ்ட்டும் புளிக்கும் மாவும்

ரொட்டிக்கும் ஒயினுக்கும் போடும் ஈஸ்ட் கலந்த பச்சை மாவை நாய் விழுங்கினால், அதன் வயிறே அடுப்படிப் பானை ஆகிவிடும். உடல் வெப்பத்தில் மாவு பொங்கி வயிற்றை உப்பச் செய்யும். கூடவே சாராயச் சத்தும் உண்டாகி இரத்தத்தில் கலக்கும். வெந்த ரொட்டியால் இந்தத் தீங்கு இல்லை. பொங்கும் இட்லி மாவையும் நாய்க்கு எட்டாத உயரத்தில் வைப்பதே முறை. ஓர் இரவு ஊறிய பழைய சோற்று நீரைப் பற்றிப் பயப்பட வேண்டியதில்லை. பல நாள் புளித்து நுரைத்ததை மட்டும் கொட்டிவிட வேண்டும்.

ஹாப்ஸ் பூ

பீருக்குக் கசப்புச் சுவை கொடுப்பது ஹாப்ஸ் என்னும் கொடியின் பூ. இந்தியாவில் இமாசலப் பிரதேசத்து லாஹூல் பள்ளத்தாக்கில் இது பயிரிடப்பட்டு வந்துள்ளது. அமெரிக்காவில் வீட்டிலேயே பீர் தயாரிக்க 1978-ல் சட்டம் இடம் கொடுத்த பிறகு, இந்தப் பூ அங்கே பல வீடுகளுக்குள் நுழைந்தது. காய்ச்சி வடித்துக் கொல்லையில் கொட்டிய ஹாப்ஸ் சக்கையில் இனிப்பு ஒட்டியிருக்கும். நாய்கள் அதைத் தின்றன. இப்படிப் பாதிக்கப்பட்ட 5 நாய்களைப் பற்றி 1997-ல் அந்நாட்டுக் கால்நடை மருத்துவ இதழ் வெளியிட்ட கட்டுரைதான் இந்த நஞ்சை உலகுக்கு அறிவித்தது.

ஹாப்ஸ் தின்ற நாய்க்கு உடல் வெப்பம் கட்டுக்கடங்காமல் ஏறும். நாயின் இயல்பான வெப்பம் 101 முதல் 102.5 டிகிரி பாரன்ஹீட். இந்த நோயில் அது 106 டிகிரிக்கும் மேலே போய்விடும். ஓயாமல் இரைக்கும், தசை விறைக்கும், சில மணி நேரத்திலேயே உயிர் போகவும் கூடும். கிரேஹவுண்ட் இன நாய்களை இது அதிகம் தாக்குவதாகச் சொல்லப்படுகிறது. நம் சிப்பிப்பாறை நாயும் அதே ஒல்லி உடல்வாகு கொண்டது. வெளிநாட்டில் வாழும் உறவினர் வீட்டில் நாய் இருந்தால் இதைச் சொல்லி வைப்பது நல்லது.

மால்ட் சக்கை வாங்குவோர் கவனத்துக்கு

பீர் ஆலையிலிருந்து வரும் பார்லிச் சக்கையைக் கறவை மாட்டுக்குத் தீவனமாகப் பலர் வாங்குகின்றனர். புரதம் நிறைந்த தீவனம்தான். ஆலைகளில் ஹாப்ஸ் சேர்ப்பதற்கு முன்பே இந்தச் சக்கையைப் பிரித்துவிடுவார்கள். எனவே ஹாப்ஸ் பற்றிய அச்சம் இதில் குறைவு. ஆனால் ஈரம் முக்கால் பங்குக்கு மேல் இருப்பதால் வெயில் காலத்தில் இரண்டு மூன்று நாளிலேயே பூஞ்சணம் பிடித்துவிடும். பூஞ்சண நஞ்சு மாட்டுக்கும் ஆகாது. கொட்டகை நாய் தின்றால் நடுக்கமும் வலிப்பும் வரலாம். தேவைக்கு மட்டும் வாங்கி, மூடி போட்ட பீப்பாயில் அழுத்தி வைக்க வேண்டும். நிறம் மாறியதையும், நெடி அடிப்பதையும் கழுநீர்த் தொட்டியில் கலக்காமல் புதைத்துவிட வேண்டும்.

வெறிநாய் என்று அடித்துவிடாதீர்கள்

ஊறல் குடித்த நாய் தள்ளாடும், வாயில் நீர் ஒழுகும், கூப்பிட்டால் திரும்பாது. ஊமத்தை தின்றதோ பார்த்தவரை எல்லாம் கண்டு குரைக்கும். இதை வெறிநோய் என்று எண்ணி நல்ல காவல் நாயை அடித்துக் கொன்றுவிடும் தவறு நேரக்கூடும். இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. உண்மையாகவே வெறிநோய் கண்ட நாயை, ஏதோ தின்றுவிட்டது என்று நினைத்து அதன் வாய்க்குள் கையை விட்டுப் பார்ப்பது மனித உயிருக்கே ஆபத்து. அடையாளம் தெரியாதபோது நாயைத் தனி அறையில் அடைத்துவிட்டு மருத்துவரை அழைப்பதே சரி. கடியோ, எச்சில் பட்ட கீறலோ இருந்தால் அந்த இடத்தைச் சோப்புப் போட்டு 15 நிமிடம் ஓடும் நீரில் கழுவி, அன்றே மருத்துவமனையில் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். ஆண்டுதோறும் நாய்க்கு வெறிநோய்த் தடுப்பூசி போட்டிருந்தால் இந்தக் குழப்பத்தில் பாதி தீரும்.

உடனே செய்ய வேண்டியவை

1. தின்ற பொருளை எடுத்து அப்புறப்படுத்துங்கள். எது, எவ்வளவு, எத்தனை மணிக்கு என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

2. உப்புக் கரைசல், எண்ணெய், மோர், புளித் தண்ணீர் எதையும் புகட்டாதீர்கள். உப்பே நாய்க்கு நஞ்சாகும். மயங்கிய நாய்க்குப் புகட்டினால் நீர் நுரையீரலுக்குள் போய்விடும். வாந்தி எடுக்க வைக்கலாமா என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும்.

3. உடல் சில்லிட்டிருந்தால் சாக்கு அல்லது கம்பளியால் போர்த்துங்கள். உடல் கொதித்தால் வயிறு, தொடை இடுக்கு, பாதங்களில் குளிர்ந்த நீர் ஊற்றி விசிறுங்கள். பனிக்கட்டி வைக்க வேண்டாம்.

4. வயிறு உப்பியிருந்தால் அமுக்கவோ தேய்க்கவோ கூடாது.

5. வாந்தியில் கொஞ்சத்தையும், மிஞ்சிய பொருளையும் ஒரு மூடிய டப்பாவில் எடுத்துச் செல்லுங்கள். ஊறல் என்றால் ஊறல் என்றே சொல்லுங்கள். அதை மறைத்தால் வைத்தியம் தவறிப் போகும்.

திராட்சை தின்ற நாய்க்கு நோய்க்குறி தெரியும் வரை காத்திருக்கக் கூடாது. முதல் இரண்டு மணி நேரத்துக்குள் கொண்டு சென்றால் வயிற்றிலிருந்து அதை வெளியேற்ற முடியும். பிறகு இரண்டு நாள் குளுக்கோஸ், உப்பு நீர் ஏற்றிச் சிறுநீரகத்தைக் காப்பாற்றலாம்.

நாயை வைத்துச் சோதிப்பது வீண்

சாராயம் நல்லதா கெட்டதா என்று அறிய நாய்க்குக் கொஞ்சம் ஊற்றிப் பார்ப்போம் என்று எவரேனும் சொன்னால் நம்பக் கூடாது. விஷச் சாராயத்தில் கலந்திருப்பது மெத்தனால். மனித உடலில் இது பார்மிக் அமிலமாக மாறித் தேங்கி, கண்ணைக் குருடாக்கி உயிரைக் குடிக்கிறது. நாயின் உடல் அந்த அமிலத்தை வேகமாகச் சிதைத்துவிடும். ஆகவே நாய் தள்ளாடி எழுந்துவிட்டாலும் மனிதன் எழாமல் போகலாம். 2023 மே மாதம் மரக்காணம் அருகே எக்கியார்குப்பத்திலும், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்திலும் உயிர்களைக் கொண்டுபோனது இந்த மெத்தனால்தான். கள்ளக்குறிச்சியில் மட்டும் 60-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். வாயில்லா உயிரையும் துன்புறுத்தி, தன் உயிரையும் பணயம் வைக்கும் இந்தச் சோதனையால் ஒரு பயனும் இல்லை.

ஊரார் செய்யக் கூடியவை

ஊறல் அழிக்கப்பட்ட இடம் தெரிந்தால், அங்கே குழி வெட்டிக் கழிவை அதில் தள்ளி, இரண்டு அடி மண் போட்டு மூடும்படி காவல் துறையினரிடமும் மாநகராட்சிப் பணியாளரிடமும் கேட்டுக்கொள்ளலாம். அன்றும் மறுநாளும் ஆடு மாடுகளை அந்தப் பக்கம் மேய்ச்சலுக்கு விடாமல் இருப்பது நல்லது. கழுநீர்த் தொட்டிக்கு மூடி போட வேண்டும். நாய்க்கு வேளை தவறாமல் சோறும், சுத்தமான நீரும் வைத்தால் அது கண்டதையும் தேடிப் போவது குறையும். பசித்த நாய்தான் குப்பையைக் கிளறும்.

சடையங்குப்பம், மணலி, எண்ணூர்ப் பகுதியினருக்கு மாதவரம் பால்பண்ணையில் உள்ள கால்நடை மருத்துவப் பல்கலைக்கழக மருத்துவமனை அருகில் உள்ளது. வேப்பேரியில் 1903-ல் தொடங்கிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் நாய்களுக்குச் சிகிச்சை தருகிறார்கள். ஆடு மாடுகளுக்கு அவசர உதவி தேவைப்பட்டால் 1962 என்ற எண்ணில் கால்நடை மருத்துவ ஊர்தியை அழைக்கலாம். இந்த எண்ணைக் கொட்டகைச் சுவரில் கரியால் எழுதி வைத்தால், நள்ளிரவில் தேடி அலைய வேண்டியிராது.