விரைவும் காப்பும்

நீலகிரி மாவட்டத்தின் குந்தா வட்டத்தில் மஞ்சூர் என்னும் மலையூர் உள்ளது. சுற்றுப்புறச் சிறு விவசாயிகள் பறிக்கும் பசுந்தேயிலையை வாங்கிப் பதப்படுத்தும் கூட்டுறவுத் தொழிற்சாலை அவ்வூரில் உண்டு. இத்தகைய தொழிற்சாலைகளின் இணையமாகிய இண்ட்கோசர்வ் 1965ஆம் ஆண்டில் தோன்றியது.

பறித்த கொழுந்து நெடுநேரம் குவிந்து கிடப்பின் வெப்பமுற்றுக் கெடும். ஆதலின், எடை போடும் வேலை விரைந்து நடைபெறல் வேண்டும். அதே வேளையில், குறிக்கும் எடையில் ஒன்றேனும் விட்டுப்போதல் கூடாது. விவசாயி பெறும் பணம் அக்கணக்கையே பொறுத்தது. கணக்கைக் கணினியில் எழுதுங்கால் விரைவையும் காப்பையும் ஒருங்கே பெறுவது எங்ஙனம்?

கணினியில் செய்தி தங்கும் இடங்கள் இரண்டு. ஒன்று நினைவகம், மற்றொன்று வட்டு. நினைவகத்தில் எழுதுதல் மிக விரைவானது. ஆனால், மின்சாரம் நின்றதும் அங்குள்ளவை மறைந்துபோம். வட்டில் எழுதியது நிலைத்திருக்கும்; ஆயின், எழுதக் காலம் மிகும். நிமிடத்திற்கு 7,200 முறை சுழலும் வட்டில், ஒரு பதிவுக்கு ஒரு சுற்று காத்திருந்தால், நொடிக்கு 120 பதிவுகளே எழுதலாம். சுழலும் உறுப்பில்லாத இக்கால வட்டுகள் இதனினும் விரைவுடையவை. எனினும் நினைவகத்திற்கு ஈடாகா.

விவசாயி ஒருவர் 40 கிலோ கொழுந்து கொணர்ந்தார் என்று கொள்வோம். கணினி அதனை நினைவகத்தில் மட்டும் குறித்துக்கொண்டு, பதிவாயிற்று என்று சீட்டை அளித்துவிடுகிறது. குந்தா நீர்மின் நிலையங்களுக்கு அண்மையில் உள்ள ஊராயினும், மரம் சாய்ந்து கம்பி அறுந்தால் அங்கும் மின்சாரம் நிற்கும். அப்போது அவர் கையில் சீட்டு இருக்கும். கணக்கில் எடை இராது. எழுதாததை எழுதியதாகச் சொல்வதே இங்கு நேரும் பெரும்பிழை.

இதற்கு ஒரு வழி நம் வணிகர் பழக்கத்தை ஒத்தது. அவர்கள் வரவுசெலவை உடனே சிட்டையில் வரிசையாகக் குறித்துக்கொண்டு, ஓய்வு நேரத்தில் பேரேட்டில் ஏற்றுவர். தரவுத்தளமும் ஒவ்வொரு மாற்றத்தையும் முதலில் வட்டிலுள்ள குறிப்பேட்டின் இறுதியில் எழுதும். அதன் பின்னரே ஒப்புதல் தரும். பேரேட்டைப் பிறகு திருத்திக்கொள்ளும். இடையில் மின்சாரம் நின்றாலும், குறிப்பேட்டைப் படித்து விடுபட்டதை நிறைவு செய்யும். வரிசையாக எழுதுவதால் வட்டில் இங்குமங்கும் இடம் தேடும் வேலையும் குறைகிறது.

பதிவுகள் ஆயிரக்கணக்கில் வந்து குவியும் இடங்களில், அவற்றைச் சிறிது நேரம் நிறுத்திவைத்து ஒருசேர எழுதுவர். பயணிகள் பலரை ஒரே பேருந்து ஏற்றிச் செல்வது போன்றது இது. எழுதி முடிந்த பின்னரே அனைவர்க்கும் ஒப்புதல் செல்வதால், இதில் இழப்பு இல்லை. சிறு தாமதமே உண்டு.

ரெடிஸ் என்னும் தரவுத்தளத்தில் நொடிக்கு ஒருமுறை வட்டில் எழுதும் முறையும் உண்டு. அம்முறையில் ஏறத்தாழ ஒரு நொடியின் பதிவுகளை இழக்க நேரிடலாம். காற்றின் வெப்பநிலையை நொடிதோறும் குறிக்கும் கருவிக்கு அது பொருந்தும், பணக்கணக்கிற்குப் பொருந்தாது. எடை போடும் இடத்திலோ மூட்டையை இறக்கி ஏற்றவே பல நொடிகள் ஆகும். வட்டுக்காக நொடியின் நூற்றில் ஒரு பங்கு காத்திருப்பதால் வரிசை தளர்ந்துவிடாது. ஆதலின், அங்கே காப்பைக் கைவிட்டு விரைவைத் தேடுதல் வீண்.

வட்டே பழுதுறுதலும் உண்டு. எனவே, கணக்கின் படி ஒன்றை வேறோர் இடத்திலும் வைத்தல் நன்று.

எவ்வளவு விரைவு வேண்டும் என்று கேட்குமுன், இழந்தால் யாருக்கு இழப்பு என்று கேட்டல் வேண்டும். அவ்விடை தெளிந்தபின், ஏற்ற முறையைத் தேர்தல் எளிதாகும்.